தவணை கடந்த சங்கிலி

செவ்வாய் மாலை, கொட்டாஞ்சேனை,
டயர்க் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
பதினொரு பிளாஸ்ரிக் கதிரைகள்.
ஒன்றுக்குக் கால் வெடிப்பு.
அதில் யாரும் இருப்பதில்லை, அதை எறிவதுமில்லை.

ஈடித் அக்கா தாள் கொடுக்கிறா.
சீஷத்துவ வகுப்பு, ஆறாம் பாடம்:
கடவுளின் குணம் ஒன்றை எழுதுக,
இந்த வாரம் அதை எங்கே கண்டீர் என்றும் எழுதுக.
கீழே ஐந்து வெற்றுக் கோடுகள்.
பக்கத்துப் பெடியன் "அன்பு" என்று உடனே எழுதிவிட்டுப்
போனைப் பார்க்கிறான்.
யாரோ "பரிசுத்தம்", எழுத்துப் பிழையோடு.
என் பேனை நகரவில்லை.

நான் செட்டியார் தெருவில்
அடகுக்கடைக் கணக்குப்பிள்ளை.
பகல் முழுக்கத் தராசும் உரைகல்லும்.
"மீட்பு" என்ற சொல்லை
நாளைக்கு நாற்பது தடவை எழுதுகிறேன்,
சிவப்பு மையில், திகதி போட்டு.
ஞாயிறு ஆராதனையில் அதே சொல் வந்தால்
வாய் பாடும்,
விரல் வட்டி பார்க்கும்.

இன்று காலை ஒரு பெண்,
ஆமர் வீதியிலிருந்து நடந்தே வந்தவ,
குடையில் இரண்டு கம்பி முறிஞ்சு.
சங்கிலி ஒன்றரைப் பவுண்.
தவணை கடந்து நாலு மாதம்.
வட்டி கட்ட வரவில்லை, மீட்கவும் வரவில்லை.
"ஏலத்தில போட்டிட்டீங்களோ எண்டு
ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றா.
பெட்டகம் திறந்தேன். இருந்தது.
முதலாளி மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.
பேரேட்டைப் புரட்டினால்
நாலு மாதமும் அவர் கையெழுத்தில் ஒரே சொல்:
"இருக்கட்டும்."
ஆடிவேலுக்குப் பட்டுவேட்டி கட்டுகிறவர்,
மற்றபடி ஒரு சதத்துக்கும் இளகாதவர்.

இதை எழுதலாம் என்று தாளில் குனிந்தேன்.
கதவு திறந்தது. மழை வாசம்.
டெல்றோய்.

சீட்டுப் பிடித்தவன்.
என் பதினெட்டு மாதக் காசோடு
போன் இலக்கத்தை மாற்றிக்கொண்டவன்.
என் மகனின் பல்லுக்கு வைத்த காசு அது.
பிள்ளை இன்னும் வாயைப் பொத்தித்தான் சிரிக்கிறான்.

இரண்டு வருடத்தில் மெலிந்திருந்தான்.
அது எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்,
எழுதத்தான் வேண்டும்.
"உள்ள வரலாமோ அக்கா?" என்று
செருப்பைக் கழற்றாமல் நின்றான்.
ஈடித் அக்காவுக்குக் கணக்கு ஒன்றும் தெரியாது.
"இடமிருக்கு, வாங்கோ" என்றா.

உமக்கு வெட்கமில்லையா என்று
கடவுளைக் கேட்டேன், உள்ளுக்குள்.
ஜெபம் என்று சொல்லலாம்.
என் பக்கத்தில் எத்தனை வருடம்
"இருக்கட்டும்" எழுதினீர்,
நான் எண்ணிப் பார்க்கவில்லை.
அவன் பக்கம் வந்ததும் பேரேட்டை எட்டிப் பார்க்கிறேன்,
ஏலத் திகதி போட்டாயிற்றா என்று.
உம்முடைய இந்தக் குணம் எனக்குப் பிடிக்கவில்லை.
எனக்கு மட்டும் என்றால்
மிகவும் பிடிக்கும்.

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.
கறன்ட் ஒருமுறை போய் வந்தது.
அந்த வெளிச்சத்தில் பார்த்தேன்,
டெல்றோய் கால் வெடித்த கதிரையை இழுக்கிறான்.
நான் பேசாமல் இருந்தால் போதும்.
பதினெட்டு மாதத்துக்கு ஒரு விழுகை.
வட்டிக்கும் காணாது, என்றாலும்.

"அதில இருக்காதை, விழுவாய்."
யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பக்கத்துக் கதிரையிலிருந்த என் பையை
மடிக்கு எடுத்தேன்.

காசைக் கேட்பேன்.
நாளைக்கே கேட்பேன், படியில் வைத்து.
மன்னித்துவிட்டேன் என்று இந்தத் தாளில்
பொய்க் கணக்கு எழுதமாட்டேன்.
ஐந்து கோடும் வெறுமையாகவே கிடந்தன.

ஈரச் சட்டை என் முழங்கையில் படாமல்
ஒடுங்கி இருந்தான்.
தாளை விரித்தான், பொக்கெட்டைத் தடவினான்.
"பேனை ஒண்டு இருக்கோ?"

இருந்தது. கடைப் பேனை.
சிவப்பு மை.