ஒன்பதாம் நாள்

பக்கெட்டுக்குள் ஐந்து லிட்டர்.
மூடியில் ஓட்டை போட்டு ஒரு டிரிப் குழாய்,
அதன் மறுமுனை
ஹார்லிக்ஸ் பாட்டில் தண்ணீரில்.
குமிழி வந்தால் உயிர் இருக்கிறது.
வாட்சைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்த பியூலா சொன்னாள்:
"நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு.
வார்டுல இருந்தா டாக்டரைக் கூப்பிடணும்."

தொரப்பாடியில் எங்கள் மாடி போர்ஷனுக்கு
ஜன்னலைத் திறந்தால் மத்திய சிறையின் மதில்.
நாங்கள் செய்வது குற்றம் என்று தெரியும்.
அங்கே போக ஆட்டோகூட வேண்டாம் என்றும் தெரியும்.

கேழ்வரகு கண்ணமங்கலத்தில் வாங்கியது,
நான்தான் முளைகட்டினேன்.
பார்லி மால்ட் பெங்களூரிலிருந்து.
காட்பாடியில் ரயில் நின்ற இரண்டு நிமிடத்தில்
படியில் நின்றபடி பையை நீட்டிய
சித்தி மகன் ஹேமகுமார், "கஞ்சிக்கா?" என்றான்.
கஞ்சிக்குத்தான்.

ஈஸ்ட்டுக்கு இருபது டிகிரி பிடிக்கும்.
வேலூருக்கு அது தெரியாது.
ஏப்ரல் கடைசி. மொட்டைமாடியில் துணி
கிளிப் போடும் முன்பே காய்ந்துவிடும்.
பக்கெட்டை அண்டாவில் நிறுத்தி
ஈரக் கோணி சுற்றி
ஐஸ் கட்டிய பெப்சி பாட்டில்களை
நான்கு மணிக்கொரு தரம் மாற்றினோம்.
அவளுக்கு நைட் ட்யூட்டி என்றால் நான்,
எனக்கு மார்னிங் என்றால் அவள்.
சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள்:
நேரம், வெப்பம், குமிழி, கையெழுத்து.

என் வேலையே காத்திருக்கச் சொல்வதுதான்.
கல்ச்சர் ரிப்போர்ட் கவுண்டர்.
ராஞ்சியிலிருந்தும் மால்டாவிலிருந்தும்
இரண்டு ராத்திரி ரயிலில் வந்து
லாட்ஜில் ஸ்டவ் வைத்துச் சமைப்பவர்கள்
சீட்டை நீட்டுவார்கள்.
நாற்பத்தெட்டு மணி நேரம் என்பேன்,
முதலில் விரல்களால், பிறகு என் இந்தியில்.
வளர்வதை அவசரப்படுத்த முடியாது,
யாருடைய அப்பாவாக இருந்தாலும்.
தட்டில் வெள்ளைப் புள்ளிகளாய் ஈஸ்ட் முளைத்திருந்தால்
அங்கே எனக்கு வயிறு கலங்கும்.
தூரத்துச் சொந்தம்தான்.
வீட்டில் இருப்பதற்கு மட்டும் கோணி சுற்றுகிறேன்.

பக்கெட்டில் பதினான்கு நாள்.
சர்க்கரை சேர்த்து பாட்டிலில் இருபத்தொன்று.
ஆக்கப் பொறுத்தோம்,
ஆறப் பொறுக்கவில்லை.
ஒன்பதாம் நாள் குமிழி நின்றதாய்த் தோன்ற
ஒன்பது பாட்டிலில் அடைத்தோம்.
நின்றிருக்கவில்லை. ஐஸ் அதிகமாகித்
தூங்கியிருந்தது.

நான்காம் இரவு கட்டிலுக்கடியில் ஒரு வெடி.
பிறகு இரண்டு.
கீழிருந்து முனிரத்தினம் சார்:
"என்னம்மா அது?"
"குக்கர் சார்."
"மூணு மணிக்கா?"
"ட்யூட்டி சார்."
மதிலுக்கு மேலிருந்த விளக்கு
எங்கள் ஜன்னலை ஒருமுறை தடவிப் போனது.
இருட்டிலேயே, துண்டு சுற்றி,
மிச்சம் ஆறு மூடிகளையும் தளர்த்தி இறுக்கினோம்,
பிரஷர் பார்ப்பவளைப் போல
அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஒன்றை அன்றே குடித்தோம்.
பச்சை ஆப்பிளும் மாவும்.
அடுத்த வாரம் ஒன்று: புளிப்பு அடங்கியிருந்தது,
நுரைக்கு மட்டும் கோபம் தீரவில்லை.
அதற்கடுத்த வாரம் இரண்டு. "பரவாயில்ல" என்றாள்,
நோயாளியின் மனைவியிடம் சொல்லும் அதே பரவாயில்லை.
இன்னொன்றை யார் குடித்தது என்பதில்
இன்றுவரை சண்டை.

ஐப்பசி மழையில் சுவர் ஒழுகி
அரிசி டிரம்மை நகர்த்தினால்
பின்னால் ஒன்று, தூசி போர்த்திக்கொண்டு.
வண்டல் அடியில் அப்பிக் கிடக்க
மேலே தேன் நிறம்;
பாட்டிலுக்கு அந்தப் பக்கம் என் விரல்ரேகை தெரிந்தது.
ஒரு வாய் குடித்து, டம்ளரைத் திருப்பிப் பார்த்து
"இது வேற பக்கெட்" என்றாள்.
அதே பக்கெட். அதே ஏப்ரல்.
இதற்கு நாங்கள் கூடுதலாகச் செய்தது
மறந்தது ஒன்றுதான்.
சார்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

இப்போது மார்கழி. ஐஸ் வேண்டாம், கோணி வேண்டாம்.
பதினான்காம் தேதியில்
சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறாள்.
இன்று ஒன்பது.
டார்ச் அடித்துக் குமிழியைப் பார்க்கிறோம் இருவரும்,
கையில் ஆளுக்கொரு டம்ளர்,
சும்மா.