ஒரு வாத்து அபராதம்

வெஸ்கரா நகரில்
ஆண்டுக்கு ஓர் இரவு அரசியை யாருக்கும் தெரியாது.
சட்டம் அப்படி.
தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால்,
தலை தாழ்த்தினால், வழிவிட்டால்,
பேச்சில் ஒரு ‘மாட்சிமை’ வாய்தவறி விழுந்தால்கூட
மறுநாள் பொழுது சாய்வதற்குள்
அரண்மனை வாசலில் ஒரு வாத்தைக் கட்ட வேண்டும்.
உயிருள்ள வாத்து.
இதைச் சொல்லித்தான் கோட்டைக் காவலன்
எங்களை உள்ளே விட்டான்.

நாங்கள் நால்வர்.
உப்புக்குகையிலிருந்து பதினேழு நாள் நடை.
தொர்வாலின் தோளில் பூதப்பாம்பின் பல்,
மூன்று கோணியில் சுற்றியும் நாறியது.
மிர்ஷாவுக்கு ஒரு காலில்தான் செருப்பு.
ஏல்பின் ஒவ்வொரு பாலத்திலும் நின்று
எங்களைத் தலை எண்ணினான்,
எண்ணி முடித்து வேறுபக்கம் பார்த்தான்.
நான் கயிறு சுமப்பவள்.
வீரக்கதைகளில் என் பெயர் வராது.
கயிறு அறுந்தால் மட்டும் வரும்.

அறவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.
அவன்தான் முடிச்சை அவிழ்த்தான்.

ஊரே ஆற்றங்கரையில் இருந்தது.
வெங்காயத்தோல் ஒட்டிய விளக்குகள்,
பொய்க்காலில் நடந்த மணியடிப்போர்,
மீன்பீப்பாய்களைக் கவிழ்த்துப் போட்டு முழக்கிய சிறுவர்கள்.
ஒரு கழுதைக்கு முடிசூட்டி
அதனிடம் வரிக்குறைப்பு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
எனக்குப் பசி.
பொரித்த விலாங்கு விற்குமிடத்தில் வரிசை நீண்டிருந்தது.

எனக்கு முன்னால் சாம்பல்நிறக் கம்பளிப் போர்வையில் ஒருத்தி.
ஓரமெல்லாம் சேறு. ஆனால் புதுச் சேறு.
முறை வந்ததும் இடுப்பைத் தடவினாள்,
காசு என்பது கையோடு கொண்டுவரும் பொருள் என்று
அப்போதுதான் நினைவு வந்தவள்போல.

“ரெண்டாகக் கொடு” என்று நான் நீட்டிய செப்புக்காசில்
அவள் முகம்.
விற்பவன் அதைப் பல்லில் கடித்துப் பார்த்தான்.
“மூக்கை ஒருநாளும் ஒழுங்காக அடித்ததில்லை”
என்று முணுமுணுத்தாள்.
சட்டத்தை முதலில் மீறியவள் அவள்.
நான் விலாங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாலத்துச் சுவரில் சாய்ந்து தின்றோம். எண்ணெய் முழங்கைவரை ஓடியது.
“எந்தப் பக்கத்திலிருந்து?”
“உப்புக்குகை.”
மென்ற வாய் நின்றது.
“அங்கே ஐந்துபேர் போனதாகக் கேள்வி.”
கேள்வி என்கிறாள்.
அனுமதிச்சீட்டின் மெழுகில் பதிந்தது அவள் மோதிரம்.
“நான்குபேர் வந்திருக்கிறோம்.”

கீழே ஒரு படகு விளக்கோடு போனது.
“அவர் பெயர்?”
“கெஹ்ரன்.”
“கேரன்.”
“இல்லை. நடுவில் ஒரு மூச்சு விட வேண்டும்.”
சொல்லிப் பார்த்தாள். இல்லை என்றேன்.
மறுபடியும்.
மூன்றாம்முறை அவள் வாயிலிருந்து வெண்புகை எழுந்தது.
மூச்சு வந்தது தெரிந்தது,
பெயர் வந்ததா என்று கேட்கவில்லை, வாணவெடி.

விரல்களைப் போர்வையில் துடைத்தாள்.
“உனக்கு ஒரு காசு கடன்பட்டிருக்கிறேன்.”
ஒரு காசா என்று கேட்க வாயெடுத்தேன்.
வாத்தின் விலை நினைவுக்கு வந்தது.

காலையில் கொலுமண்டபம்.
பல்லை இறக்கி வைத்தார்கள்,
முன்வரிசை மூக்கைப் பொத்தியது.
கட்டியக்காரன் நான்கு பெயர்களை வாசித்துச்
சுருளைச் சுற்றத் தொடங்கினான்.
அவள் கையை உயர்த்தினாள்.
ஐந்தாவது பெயரைத் தானே சொன்னாள்.
நடுவில் அந்த மூச்சு இருந்தது.
அரசிக்குப் புரையேறிவிட்டது என்று
யாரோ தண்ணீர் எடுத்துவர ஓடினார்.

பொற்கிழியைப் பங்கிட மற்றவர்கள் சாராயக்கடைக்குப் போனார்கள்.
நான் சந்தைக்குப் போனேன்.
வாத்து வழியெல்லாம் என் மணிக்கட்டைக் கொத்தியது.
கயிற்றில் அவன் அவிழ்த்துவிட்ட முனை அப்படியே இருந்தது.
அதால் கட்டினேன், இரண்டு முடிச்சு.

வாசற்காவலன் பேரேட்டைப் புரட்டினான்.
யாரைக் கண்டுகொண்டாய் என்று கேட்கவில்லை.
பெயரும் தொழிலும் கேட்டான். சொன்னேன்.
எச்சில் தொட்டு, எழுத்துக்கூட்டி எழுதினான்:

ஓஸ்தா. கயிறு.
வாத்து ஒன்று. கொழுத்தது.