ஈரக் கழிவு

தேயிலைத் தொழிற்சாலையில் இலை எடை போடுகிறவன் நான்.
சாக்குக்கு ஒரு கிலோ,
மழை நாளென்றால் ஈரத்துக்கு நூற்றுக்குப் பத்து.
கழித்த பிறகு நிற்பதுதான் இலை.
இந்தக் கையோடுதான்
கோத்தகிரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின்
ஸ்கோர் நோட்டையும் எழுதுகிறேன்,
ஞாயிறுதோறும், சம்பளமில்லாமல்.

சொந்த மைதானத்தில் இருபத்தாறு ஆட்டம்.
இருபத்தோரு வெற்றி.
பேக்கரிக்காரர் வர்க்கி இலவசம் என்றார்,
ஆடிய ஐந்து பேருக்கு மட்டும்.

ஏன் ஜெயிக்கிறோம் என்றால்
ஆளுக்கொரு பதில்.
காற்று, என்றார் கோச் போஜன்.
"ஆறாயிரம் அடி. கீழேருந்து வர்றவளுக்கு
மூச்சு எங்கே நிக்கும்?"
மூடுபனி, என்றார் செயலாளர்,
வளையம் நமக்குத்தான் கண்ணை மூடினாலும் தெரியுமாம்.
பெனடிக்டா, என்றார்கள் சுவரேறிப் பார்க்கும் பையன்கள்.

நான் கோடு கிழித்தேன்.
பனி விழுந்த ஆட்டம் ஒன்பது, வெற்றி ஏழு.
விழாதது பதினேழு, வெற்றி பதினான்கு.
பனிக்குக் கட்சி இல்லை.

பெனடிக்டா தூரத்திலிருந்து பத்து எறிந்தால் மூன்று விழும்.
எல்லா ஊரிலும் ஒரு பெனடிக்டா இருக்கிறாள்,
அவளுக்கும் மூன்று விழுகிறது.

காற்றுதான் காரணம் என்றால்
கடைசிப் பத்து நிமிடத்தில் அல்லவா
அவர்கள் வாய் பிளக்க வேண்டும்?
நோட்டு அப்படிச் சொல்லவில்லை.
முதல் பத்து நிமிடத்தில் சராசரி ஒன்பது புள்ளி முந்துகிறோம்.
மீதி முப்பதில்
இரண்டு புள்ளி பிந்துகிறோம்.

முதல் பத்து நிமிடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில் ஒரு ஞாயிறு வேனிலிருந்து இறங்கியது.
குஞ்சப்பனை தாண்டி வளைவு வளைவாய்ச் சுழன்று வந்த
திருப்பூர்ப் பெண்கள்
வேலியோரம் வரிசையாய்க் குனிந்து
வாந்தி எடுத்தார்கள்.
ஏழாம் நம்பர்க்காரி
எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே நடுவட்டத்துக்கு வந்தாள்.

அன்றிரவு புதுப் பத்தி ஒன்று சேர்த்தேன்:
வேன் வந்த நேரம்.
பழையவற்றுக்குக் காவலாளி மாதனின் வருகைப் பதிவேடு உதவியது.
நாற்பது நிமிடத்துக்குள் விசில் ஊதியிருந்தால் பதினோரு புள்ளி.
ஒரு மணி நேரம் தாண்டியிருந்தால் நான்கு.
முந்தின நாளே வந்து லாட்ஜில் படுத்தெழுந்த ஈரோட்டிடம்
மூன்று முறையும் தோற்றிருந்தோம்.

ஆக, இருபத்தொன்றில்
ஈரம் எவ்வளவு, இலை எவ்வளவு?
பதினொரு மணிவரை கழித்துப் பார்த்தேன்.
பன்னிரண்டு வந்தது.
இரக்கப்பட்டால் பதின்மூன்று.

செயலாளர் நோட்டைப் பார்த்துத் தொடையைத் தட்டினார்:
"அப்போ இனிமே வேன் நின்னதும் விசில்!"

கேப்டன் யோகமலர் நோட்டை வாங்கினாள்.
நகம் வைத்து வரிவரியாய் இறங்கினாள்.
"நாம கோயம்புத்தூர் போனப்போ?"
அடுத்த பக்கம், என்றேன்.
முதல் பத்து நிமிடம், எட்டு புள்ளி பின்னால்.
எல்லா முறையும். ஏறக்குறைய எல்லா முறையும்.
வெகுநேரம் அதையே பார்த்தாள்.
"நான் மட்டுந்தான்னு நெனச்சேன்ண்ணா,
பின் சீட்ல பாலித்தீன் கவரோட."

பக்கத்திலிருந்த பெனடிக்டா
ஷூ நாடாவைத் தேவையில்லாமல் அவிழ்த்துக் கட்டினாள்.

அடுத்த முறை திருப்பூர் வேன் பதினொன்றுக்கு வந்தது.
விசில் இரண்டு மணிக்கு.
யோகமலர் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.
இடையில் இஞ்சி டீ, பாய், கொஞ்சம் வெயில்.
தெளிந்த வயிற்றோடு அந்த ஏழாம் நம்பர்க்காரி
இருபத்து நான்கு புள்ளி எடுத்தாள்.
நான்கில் தோற்றோம்.
செயலாளர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அதற்கடுத்தது கரூர். அதே டீ, அதே பாய்.
ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

இரண்டு ஆட்டத்தை வைத்துக்கொண்டு
எதையும் சொல்லக் கூடாது.
இருபதாவது வேண்டும்.
அது எனக்குத் தெரியும்.
ஆனாலும் அந்த ஒன்றை எழுதிவிட்டு,
கழிவுப் பத்திக்குப் பேனா போனபோது
அங்கே ஒரு கோடு மட்டும் இழுத்தேன்,
வெயிலில் பறித்த இலைக்கு
இழுக்கிற மாதிரி.