மணிக்கு இருபது மில்லி

நாற்பத்தேழு கிலோ.
கட்டிலே தராசாகவும் இருக்கும் கட்டில் அது.
போர்வை, குழாய்கள், வலக்காலின் மாவுக்கட்டு
எல்லாம் கழித்து அது சொன்ன எண்.
கிலோவுக்குப் பத்து கலோரி என்று எழுதுகிறேன்.
எழுதிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று
ஒருமுறை நிமிர்கிறேன்.
இரவுப் பணியில் நின்றபடி நான் விழுங்கும்
ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அதைவிட அதிகம்.

ஏழு வருஷப் படிப்பில்
சோற்றைப் பற்றி ஒன்றரை மணி நேர வகுப்பு.
அதிலும் நான் தூங்கினேன்.

புந்தா அரேனாஸில் ஜூலை.
ஒன்பதரை ஆகியும் விடியாது.
நீரிணைக் காற்று ஜன்னல் இடுக்கில் விசில் பழகுகிறது.
ஆறாம் கட்டிலில் எவரிஸ்தோ பாரியா,
ஆட்டுப் பண்ணையின் கடைக்கோடிக் குடிசைக்குக் காவல்.
குதிரை சறுக்கி, கால் முறிந்து,
பனியில் தவழ்ந்து வீடு சேர்ந்து
பத்தொன்பது நாள்.
விறகு இருந்தது. உருக்கக் கதவுக்கு வெளியே பனி இருந்தது.
மாவு நான்காம் நாள் வரையோ, ஐந்தாம் நாள் வரையோ.
மீட்கப் போனவர்கள் சொன்னார்கள்:
மூன்று நாய்கள் குரைத்தன,
மூன்றும் அவனைவிடத் தேவலாம்.

இப்போது அவனுக்காக மூச்சு விடுவது இயந்திரம்.
மூக்கு வழியே வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய்.
முதலில் தயமின், அதற்கப்புறம்தான்
பால் நிறத்தில் அந்தத் திரவம்.

அக்கா ஒத்தீலியா போர்வெனிரிலிருந்து வந்தாள்,
படகு ஓடுமா ஓடாதா என்று இரண்டு நாள் கரையில் நின்று.
கையில் தெர்மாஸ்:
ஆட்டுக்கறிச் சாறு, பரங்கித் துண்டுகள்.
"அரைத்து அந்தக் குழாயில் விடக்கூடாதா?"
பம்பின் திரையைப் பார்த்தாள்.
"இருபது என்றால்? கரண்டியா?"
மில்லி என்றேன். ஒரு மணி நேரத்துக்கு.
"தாய் செத்த குட்டிக்கே
இதைவிட அதிகம் புகட்டுவோம்."

அணையப் போகும் அடுப்பில்
ஒரே தடவையாக விறகைத் திணித்தால்
என்ன ஆகும் என்று அவளையே கேட்டேன்.
"புகையும்" என்றாள். "செத்துப்போகும்."
பிறகு முறைத்தாள்.
"என் தம்பி அடுப்பில்லை."

இரண்டாம் இரவு மூன்று மணிக்கு
ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது.
பாஸ்பேட் பாதிக்குப் பாதி சரிந்திருந்தது.
வந்த கொஞ்சத்துக்கே
உடம்பின் ஒவ்வொரு அறையும் கதவைத் திறந்து
இரத்தத்தில் இருந்ததை உள்ளே இழுத்துக்கொள்ள,
இதயத்துக்கு மிச்சமில்லை.
திரையில் அது ஓரிரு அடி தப்பி நடந்தது.

உண்ண உட்கார்ந்தவனை எழுப்பக்கூடாது என்பார்கள்.
எழுப்பினேன்.
பம்பை நிறுத்தி
நரம்பு வழியே உப்பை ஏற்றினேன், ஆறு மணி நேரத்துக்கு.

கண்ணாடிக்கு வெளியே ஒத்தீலியா,
திரை இருண்ட பம்பைப் பார்த்தபடி.
"ஏழு பேரில் இவன் கடைசி.
தட்டும் கடைசியாகத்தான் வரும்.
அப்புறம் நாய்கள் வந்தன,
அவையும் இவனுக்கு முன்னால்."
புகழ்கிறாளா, திட்டுகிறாளா,
குரலில் பிடிபடவில்லை.

நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள் என்று
அப்போதுதான் கேட்டேன்.
விரல் மடக்கினாள். விரித்தாள். மறுபடி மடக்கினாள்.
"வெள்ளிக்கிழமை" என்றாள், "வெள்ளிதானே?"
அன்று செவ்வாய்.
அவள் எடை எங்கள் தாள் எதிலும் இல்லை.

தெர்மாஸை வாங்கித் திறந்தேன்.
மேலே கொழுப்பு வெள்ளையாய் உறைந்திருந்தது.
செவிலியர் அறை மைக்ரோவேவில் சூடாக்கி
மூடியில் ஊற்றி நீட்டினேன்.
மெதுவாக என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.
முதல் மூடியை மூச்சு விடாமல் குடித்தாள்,
மூக்கு ஒழுக, சத்தத்தோடு.
இரண்டாவதை ஊற்றிக் கொடுத்துவிட்டு
உள்ளே போனேன்.

ஒன்பதரை. எண் தேறியிருந்தது.
பம்பைத் தொடங்கினேன், பத்தில்.
குளிரும் ஸ்டெதாஸ்கோப்பைத் தேய்த்துச் சூடாக்கி
அவன் வயிற்றில் வைத்தேன்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் பனிக்கு அடியில் ஓடை புரள்வதுபோல்
ஒரு களகளப்பு.

சொல்லப் போனால்
பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருக்கிறாள்.
மூடி இன்னும் கையில், சாயாமல்.
அடியில் ஒரு வாய்ச் சாறும்
ஒரு பரங்கித் துண்டும்
மிச்சம் வைத்திருந்தாள்.