வீட்டைவிட மூத்தவள்

கப்பலைவிட்டு இறங்கியபோது மழை இல்லை,
மழையின் வாசனை மட்டும்.
அதற்குள் சான் மாலோவின் மதில்
என்னைப் பார்த்துவிட்டிருந்தது.

கடல் எங்கோ போயிருந்தது.
ஈரமணலில் ஒருக்களித்துக் கிடந்தன படகுகள்.
"ஒன்பது மணிக்குத் திரும்பிவிடும்" என்றாள் க்வெனோலா,
பால்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

வாயில் வளைவுக்குள் பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்றது.
அப்புறம் நான் பெட்டியைச் சுமந்தேன், அவள் என் குடையை.

தெருவெல்லாம் சாம்பல்நிறக் கருங்கல்.
எத்தனை நூற்றாண்டு இருக்கும் என்று
ஒரு சுவரைத் தொட்டுக் கேட்டேன்.
சிரித்துவிட்டாள்.
"இந்த வீடு என்னைவிட ஆறு வயது சின்னது."

எரிந்தது ஓர் ஆகஸ்டில். ஒரு வாரம்.
மதில் நின்றது.
எதைக் காக்க மதில் எழுந்ததோ
அது நிற்கவில்லை.
பிறகு ஆட்கள் வந்தார்கள், குவியலில் கல் பொறுக்கினார்கள்,
பழைய முகத்தையே திரும்பக் கட்டினார்கள்,
சாவியைத் தொலைத்தவன்
பழைய பூட்டுக்கே புதுச்சாவி வெட்டுவதுபோல.

வாசற்படியில் ஒரு கல் மட்டும் கருகியிருந்தது.
"அம்மா தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை."
சொல்லிக்கொண்டே அதன்மேல்
செருப்பைத் தட்டி மணல் உதறினாள்.

மூன்றாம் மாடி. கட்டில். வெண்ணெய் மணக்கும் தட்டு.
ஜன்னல் விளிம்பில் ஒரு கடற்புறா,
வாடகை கொடுப்பது தான்தான் என்கிற தோரணையில்.

சொன்ன நேரத்துக்குக் கடல் வந்தது.
மதிலை முட்டியது. மறுபடி முட்டியது.
கீழே யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்,
ஒரு நொடிகூட நிறுத்தாமல்.

நான்தான் இருட்டில் எழுந்துபோய்
தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன்.