மூன்று எழுத்துக் கணக்கு

சுங்கை மெர்பாவ் பட்டணத்தில்
பெர்மாத்தா பிளாசா திறந்த வருடம்
நகரும் படியில் ஏறி இறங்கவே
நாலு தோட்டத்திலிருந்து லாரி பிடித்து வந்தார்கள்.
செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
ஏறியவர்களும் உண்டு.
படி முடிகிற இடத்தில், மூன்றாம் மாடியில்,
தவ்கே கோ ஈப்போவில் ஏலத்தில் எடுத்த
பதினொரு விளையாட்டுப் பெட்டிகள்.
இரண்டு, ஜப்பான் மொழி மட்டுமே பேசின.
ஒன்றுக்கு இடப்பக்கம் திரும்ப வராது,
ஓங்கி அடித்தால் வரும்.

நான் கண்ணாடிக் கூண்டுக்குள்.
வெள்ளிக்கு மூன்று டோக்கன்.
சம்பள நாளைக் காலண்டர் பார்க்காமலே சொல்வேன்:
நோட்டில் செம்பனைப் பிசுக்கு இருக்கும்.
மாதக் கடைசியில் ஐந்து காசும் பத்துக் காசும்,
உண்டியலை உடைத்த கையின் சூட்டோடு.

ஜெயித்தால் பெயர் எழுதலாம்.
மூன்றே எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில்.
குணாளன் முதல் மூன்றை எழுதினான்,
துப்பாக்கி என்று வந்தது.
அன்றிலிருந்து அவன் நடையே வேறு.
ஹேமலோஜினி
பாவாடை விளிம்பாகச் சுருங்கியது அவளுக்கே தெரியாது.
லிம் வீட்டுப் பையனுக்கு மட்டும்
குடும்பமே உள்ளே இடம் பிடித்தது.
பிறகு, எதையும் தேடாமல்
பொத்தானை மூன்று தட்டுத் தட்டிவிட்டுப் போகும் யாரோ:
ஏ ஏ ஏ.
நான் பின்னறையில் காசு எண்ணும் நேரத்தில்தான் வரும் அந்தப் பெயர்.
பெரும்பாலும் முதலிடம்.

இரவு பத்துக்கு மெயின் சுவிட்சை இறக்குவேன்.
பெட்டிகளுக்கு ஞாபகம் அவ்வளவுதான்.
காலையில் எல்லாரும் போய்
தொழிற்சாலைக்காரன் வைத்த பெயர்கள் வந்து நிற்கும்.
மனசு கேட்கவில்லை.
கடன் எழுதும் 555 நோட்டு ஒன்று வாங்கி
அணைக்குமுன் எழுதி வைத்தேன்:
தேதி, பெட்டி, மூன்றெழுத்து, புள்ளி.
ஆறு வருடம். ஒன்பது நோட்டு.

சோதனை போட வந்தவர்களுக்கு
அதுதான் சிக்கியது.
துப்பாக்கி, நாலு லட்சத்து முப்பதாயிரம்.
யார் இவன், எந்த நம்பருக்குக் கட்டினான்?
விளையாட்டு, என்றேன்.
எல்லாச் சூதாடியும் அதையேதான் சொல்கிறான், என்றார் இன்ஸ்பெக்டர்.
பெட்ரோல் நிலையச் சட்டையோடு குணாளனைக் கூட்டிவந்து
நிரூபி என்றார்கள்.
சுற்றிலும் ஐந்து ஜோடி பூட்ஸ்.
இரண்டாம் கட்டத்திலேயே செத்தான்,
மூன்று உயிரும்.

மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு
வந்தாள் அஞ்சுகம், கிளீனர்.
ஈரக் கையை யூனிபார்மில் துடைத்தாள்.
என்னிடம் டோக்கன் கேட்கவில்லை,
அவளிடமே இருந்தது.
நாற்பது நிமிடம்.
கான்ஸ்டபிள் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.
ஐந்து லட்சம் நெருங்கியபோது
இன்ஸ்பெக்டரே மலாயில் கத்தினார்,
கீரி! கீரி!
அஞ்சுகம் ஓங்கி அடித்தாள். திரும்பியது.
பெட்டி பெயர் கேட்டது.
மூன்று தட்டு.
கழிப்பறை இன்னும் கழுவவில்லை என்று
போய்விட்டாள்.

நோட்டுகள் திரும்பி வந்தன, பதினாலு மாதம் கழித்து,
பக்கத்துக்குப் பக்கம் அரசாங்க முத்திரையோடு.
அதற்குள் லைசென்ஸ் போயிருந்தது. தவ்கேயும்.
தோட்டத்தை வீடு கட்டுகிறவன் வாங்கியிருந்தான்.
குணாளன் ஜொகூரில்,
விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டுகிறானாம்.
அஞ்சுகத்தை விசாரித்தேன்,
ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள்.

அந்த மாடியில் பிறகு பழைய துணி விற்றார்கள்,
கைப்பேசி விற்றார்கள்,
ஆறு மாதம் ஒரு ஜெபக்கூடம்.
இப்போது ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து
கூட்டுக்காகக் குருவி வளர்க்கிறார்கள்.
வெளியே பறப்பதை உள்ளே இழுக்க
ஒலிபெருக்கியில் பதிவு செய்த கீச்சு.
பஸ்ஸுக்கு நிற்கையில் கேட்கிறேன்,
மூன்றாம் மாடியில் மறுபடி மின்சாரச் சத்தம்.
மணி பத்தைத் தாண்டியும்
யாரும் போய் அணைப்பதில்லை.