பிறந்த இடம்: சலாமத்

மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள்:
“சலாமத் எந்தத் தாலுகா?”
திருவாடானை என்றேன்.
பிறகு, இல்லை, கடல் என்றேன்.
அவள் பேனாவை மூடிவிட்டாள்.

காரைத்திட்டுக்கு அதற்கு முன்னால் வத்தைதான்.
கச்சான் எழுந்தால் அதுவும் கிடையாது.
தீப்பெட்டிக்கு மூன்று நாள், டாக்டருக்கு ஏழு நாள்
காத்திருந்து பழகிய ஊர்.
தொண்டி மரக்கடை சீனி உதுமான்
எங்கள் கருவாட்டுக்கு வைத்திருந்த பாக்கிக்கு
படகு கட்டித் தருகிறேன் என்றபோது
ஒருவரும் நம்பவில்லை.
பாக்கியைவிடப் பெரிதாக வந்து நின்றது படகு.
பெயர் சலாமத். பத்திரம் என்று அர்த்தமாம்.

பலகை அயினி. இன்ஜின் லாரியுடையது,
உப்பு ஏற்றி ஏற்றி
பரமக்குடிப் பக்கம் பள்ளத்தில் கவிழ்ந்த லாரி.
கழற்றியவர்கள் ஹாரனையும் விடவில்லை.
சாலையே இல்லாத தீவு
லாரி வரும் சத்தம் கேட்டுக் கரைக்கு ஓடியது.
ஆடுகள் எதிர்ப்பக்கம் ஓடின.

ஆளுக்குப் பத்துப் பைசா, ஆட்டுக்கு ஐந்து.
பிணத்துக்கு இல்லை, கூட வருகிறவர்களுக்கு உண்டு.
பிறக்கப்போகிற ஆளுக்கு எவ்வளவு என்று
யாரும் யோசித்து வைக்கவில்லை,
ஐப்பசியில் ஒரு மத்தியானம்
அம்மா வலியோடு ஏறும்வரை.

நடுக்கடலில் இன்ஜின் நின்றது.
ஓட்டுகிற சேசடிமை டீசல் குழாயை வாயில் வைத்து ஊதினார்.
அம்மா கத்தினாள்.
மீன்கூடை லூர்தம்மாள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.
இன்ஜின் பிடித்ததா, நான் அழுததா,
எது முதல் என்று
சாகும்வரை அவர்களுக்குள் தகராறு.

தீவா தொண்டியா, என்றார் கர்ணம்.
இரண்டும் இல்லை என்றார் அப்பா.
உள்ளதைச் சொல்லியே பல வேலை இழந்தவர்.
கர்ணம் படகின் பெயரை எழுதிக்கொண்டார்.
“ஏறினது அஞ்சு, இறங்கினது ஆறு”
என்று சேசடிமை கை நீட்ட
அப்பா பத்துப் பைசா கொடுத்தார்.

பாலம் வந்த வருஷம்
சலாமத்தைச் சும்மா கொடுத்தாலும் கேட்க ஆளில்லை.
இன்ஜின் இப்போது ஓர் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிறது,
உப்பிடமே திரும்பிவிட்டது.
ஹாரனை ஒரு டவுன் பஸ்காரர் வாங்கிப்போனார்.
பாலத்தடியில் என் வீடு.
கடைசி பஸ் திரும்பும்போது
பாதித் தூக்கத்தில் செருப்பைத் தேடுகிறேன்.
உடல் மட்டும் அக்கரை அலையாத்திக்குள், சேற்றில்.

விசாரணைக்கு வந்த ஏட்டு தவசிலிங்கம்
டீ வேண்டாம் என்றார், இடத்தைக் காட்டு என்றார்.
அவர் பைக்கிலேயே பாலம் தாண்டினோம்.

வெள்ளுவா நாள். ஓதம் ஏறிக்கொண்டிருந்தது.
பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி
அணியத்தைத் தட்டிப் பார்த்தார், தேங்காய் வாங்குகிறவர்போல.
உள்ளிருந்து ஒரு கொக்கு
எங்களை விசாரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.
பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள்,
அடிப்பலகை சேற்றைவிட்டு
ஒரு விரற்கடை எழும்பி, அசைந்தது.
ஏட்டு இரண்டடி பின்வாங்கினார்.

படகின் விலாவில் வைத்தே படிவத்தை எழுதினார்:
நம்புசெல்வி என்பவர் பிறந்த இடம்
நேரில் பார்வையிடப்பட்டது. உள்ளது.
பேனாவை மூடி, மறுபடி திறந்து:
ஓதத்தில் சற்று நகரும்.